கணக்குத் தெரிந்தவர்களும் கணக்குக் கேட்பவர்களும்

2020 செப்டம்பர் 10ஆம் தேதி பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 198 வார்டுகளின் உறுப்பினர்களும் வீட்டுக்குப் போனார்கள். மாநில அரசு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாக அமர்த்தியது. பழைய மன்றத்தின் காலம் முடியுமுன்பே புதிய மன்றத்துக்குத் தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243யூ பிரிவு. நடக்கவில்லை. வார்டுகளை 243 ஆக்குவதா, 225 ஆக்குவதா, இடஒதுக்கீட்டுப் பட்டியல் சரியா என்று மறுவரையறையிலும் வழக்குகளிலும் ஆண்டுகள் ஓடின. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியே கலைக்கப்பட்டு, அந்த இடத்தில் கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன் கீழ் ஐந்து மாநகராட்சிகளும் வந்தன. அன்றும் அந்த ஐந்தில் எதிலும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வாழும் நகரம் ஐந்து ஆண்டுகளை இப்படிக் கழித்தது.

இதற்காக நகரம் கொதித்தெழவில்லை. சில குடிமக்கள் அமைப்புகளும் முன்னாள் உறுப்பினர்களும் நீதிமன்றம் போனார்கள். மற்றபடி வாழ்க்கை அதன் போக்கில் நடந்தது. கார்ப்பரேட்டர் என்றாலே ஒப்பந்தக்காரரோடு பங்கு போடுபவர், வீடு கட்டத் தொடங்கினால் வாசலில் வந்து நிற்பவர் என்ற எண்ணம் நடுத்தர வர்க்கத்தில் ஆழமாக ஊறியிருக்கிறது. அந்த எண்ணத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. சென்னைக்காரர்களுக்கும் இது தெரிந்த கதைதான். மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி 1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றம் 1996 வரை திரும்பவில்லை. 2016 முதல் 2022 வரை மறுபடியும் மன்றம் இல்லாத காலம். 'படித்தவர்கள், துறை தெரிந்தவர்கள் கையில் விட்டால் ஊர் உருப்படும்' என்ற பேச்சு இரண்டு ஊர்களிலும் ஒன்றுதான். பெங்களூரில் அதோடு இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது: மனிதரை விலக்கிவிட்டு மென்பொருளும் தரவும் முடிவெடுத்தால் லஞ்சத்துக்கு இடமே இராது.

இந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்க இந்தியாவில் பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஒரு பொறியாளர் ஆட்சித் தலைவராக இருந்து ஆண்ட சமஸ்தானத்தின் நகரம் இது. மென்பொருள் நிறுவனத் தலைவர்கள் நகர நிர்வாகத்தைச் சீர்திருத்த உட்கார்ந்த ஊரும் இதுவே. நாடு முழுமைக்குமான அடையாள எண் திட்டத்தை வழிநடத்தியவரும், அதை எதிர்த்து வழக்குப் போட்டவரும் இந்த ஊர்க்காரர்கள். இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது: மக்கள் மன்றம் மெலிந்த இடத்தில் நிபுணரின் சொல்லும் மெலிந்துபோகிறது. நிபுணர் ஆட்சிக்கு எதிரான வழக்கமான வாதம் மக்களின் உரிமையைப் பேசும். நான் நிபுணர்களின் நலனையும் சேர்த்தே பேச விரும்புகிறேன்.

மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா 1909இல் மைசூர் சமஸ்தானத்துக்குத் தலைமைப் பொறியாளராக வந்தார். 1912இல் திவான் ஆனார். 1918 இறுதியில் விலகினார். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் சமஸ்தானம் கண்ட மாற்றம் வியப்பூட்டுவது. 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணை வேலையை அவர் தளராமல் முன்னெடுத்தார். 1913இல் மைசூர் வங்கி, 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம், 1917இல் பெங்களூரில் பொறியியல் கல்லூரி, சந்தன எண்ணெய் ஆலை, சோப்பு ஆலை, பின்னர் பத்ராவதியில் எழுந்த இரும்பாலைக்கான திட்டம் என்று பட்டியல் நீளும். மண்டியா வட்டாரத்து உழவர் வீடுகளில் இன்றும் அவர் படம் தொங்குகிறது. அந்த வீடுகளின் நெல்லும் கரும்பும் அவர் திட்டமிட்ட அணையின் கால்வாய்த் தண்ணீரில் விளைந்தவை.

வறுமை என்பது அளந்து, கணக்கிட்டு, திட்டமிட்டுத் தீர்க்கக்கூடியது. அதற்குத் திறமையானவர்கள் வேண்டும். திறமையைக் கல்வியாலும் தேர்வாலும் கண்டறியலாம் என்று அவர் மனமார நம்பினார். 1934இல் 'பிளான்ட் எகானமி ஃபார் இந்தியா' என்ற நூலில் நாட்டுக்கான பத்தாண்டுத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். இந்தியத் திட்டக் கமிஷன் பிறக்க இன்னும் பதினாறு ஆண்டுகள் இருந்தன.

அந்த நம்பிக்கை முட்டி நின்ற இடம் அணையோ ஆலையோ அல்ல, அரசுப் பதவிகள். சென்னையில் பிட்டி தியாகராயர் 1916 டிசம்பரில் பிராமணரல்லாதார் அறிக்கையை வெளியிட்டார். அடுத்த ஆண்டே மைசூரில் பிரஜா மித்ர மண்டலி தோன்றியது. சமஸ்தானத்தின் மக்கள்தொகையில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த பிராமணர்கள் உயர்பதவிகளில் பாதிக்கு மேல் வைத்திருந்தார்கள். லிங்காயத்துகளும் ஒக்கலிகர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து மகாராஜாவிடம் முறையிட்டார்கள். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். அடுத்த ஆண்டு வந்த அக்குழுவின் அறிக்கை, பிராமணரல்லாத சமூகங்களுக்குப் பதவிகளில் பெரும்பங்கு ஒதுக்கப் பரிந்துரைத்தது. விசுவேசுவரய்யாவுக்கு இந்தப் போக்கு உடன்பாடில்லை. தகுதியைத் தளர்த்தினால் நிர்வாகம் கெடும், முதலில் கல்வியைப் பரப்ப வேண்டும் என்பது அவர் நிலை. அவர் பதவி விலகியதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று என்று வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

கல்வியைப் பரப்ப வேண்டும் என்று அவர் சொன்னது ஒப்புக்காக அல்ல. 1913இல் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் கொண்டுவந்தவர் அவர். ஆனால் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில், யார் பிள்ளைகள் கூச்சமின்றி நுழையக்கூடிய இடத்தில் திறக்கப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் நாற்காலியிலும் அதே சிறு சமூகத்தவரே உட்கார்ந்திருந்தால், அந்தக் கல்வி எத்தனை தலைமுறை கழித்து வந்து சேரும் என்று முறையிட்டவர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பாடம் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் கிடையாது. எது திறமை, யார் அதை அளப்பது, அளவுகோலைச் செய்தவர் யார் என்பவை ஊர் கூடிப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயங்கள். மகாபொறியாளரான திவான் அவற்றைத் தன் துறைக் கணக்கு என்று எடுத்துக்கொண்டார். அவருடைய ஆட்சியில் நான் காணும் ஒரே பெருங்குறை அது.

மில்லர் அறிக்கை வந்த அதே 1919இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வில்லியம் ஹென்றி ஸ்மித் என்ற பொறியாளர் நிபுணர் ஆட்சியைக் குறிக்க 'டெக்னாக்ரசி' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். 1930களின் பொருளாதார மந்தத்தில் ஹோவர்ட் ஸ்காட் என்பவர் அதை இயக்கமாக்கினார். பணத்தை ஒழித்து ஆற்றலின் அளவைக்கொண்டு விலை வைப்பது, அரசியல்வாதிகளுக்குப் பதில் பொறியாளர்களை அமர்த்துவது என்றெல்லாம் அவர் பேசினார். சில ஆண்டுகளில் அந்த அலை ஓய்ந்துவிட்டது. சீருடை அணிந்த உறுப்பினர்களும் தலைவர் வழிபாடும்தான் மிஞ்சின. அங்கே கனவாகவே நின்றுபோனதை மைசூர் ஆறு ஆண்டுகள் நடைமுறையில் கண்டது. அதனால்தான் நம் அனுபவம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

கிருஷ்ணராஜசாகர் கதையில் தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு செய்தி உண்டு. அணை எவ்வளவு உயரம் எழலாம், எவ்வளவு நீர் தேக்கலாம் என்பதில் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் பிணக்கு வந்தது. இரு பக்கமும் சிறந்த பொறியாளர்கள்; அளந்ததும் ஒரே ஆறு. ஆனாலும் நீதிபதி கிரிஃபின் 1914இல் தந்த நடுவர் தீர்ப்பு நிலைக்கவில்லை. 1924 ஒப்பந்தம் அரசுகள் பேசி முடித்தது. அதன்பின் 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பு தந்தது. நீரியல் கணக்கில் பெங்களூரு நகரத்தின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் விழுகிறது. அந்தப் பங்குக்குரிய குடிநீரை மட்டுமே நடுவர் மன்றம் கணக்கில் எடுத்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. குடிநீர்த் தேவையில் படுகைக் கோட்டை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டியதில்லை என்று கருதி, நகரத்துக்கு 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கியது. தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. ஆனது. டெல்டா விவசாயிக்கு இந்தத் தீர்ப்பு கசந்தது. அந்தக் கசப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும். படுகைக் கோடு எங்கே போகிறது என்று நீரியல் அறிஞர் சொல்லலாம். அந்தக் கோட்டுக்கு இப்பால் தாகமெடுப்பவருக்கு என்ன உரிமை, மன்னார்குடியில் நாற்று விட்டுக் காத்திருப்பவருக்கு என்ன உரிமை என்பதை அந்தக் கோடு சொல்லாது.

தொண்ணூறுகளின் இறுதிக்கு வருவோம். 1999இல் முதலமைச்சரான எஸ்.எம். கிருஷ்ணா, அந்த ஆண்டே பெங்களூரு அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ் என்ற பணிக்குழுவை அமைத்தார். இன்ஃபோசிஸின் நந்தன் நிலேகனி தலைவர். தொழில்துறையினரும் நகரச் சீர்திருத்த ஆர்வலர்களும் உறுப்பினர்கள். மாநகராட்சி, வளர்ச்சி ஆணையம், குடிநீர் வாரியம், மின்சாரம், பேருந்து, காவல், தொலைபேசி என ஏழு துறைகளை ஒரே மேசைக்கு அழைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொது மேடையில் முதலமைச்சர் முன்னிலையில் ஒவ்வொரு துறையையும் வாக்குறுதி தரவைத்து, அடுத்த மேடையில் அதற்குப் பதில் சொல்லவும் வைத்தார்கள். மாநகராட்சியின் கணக்கு வைப்பு முறை புதுப்பிக்கப்பட்டது. 2000இல் சொத்து வரிக்குச் சுய மதிப்பீட்டு முறை வந்தது. வீட்டுக்காரரே அளவையும் இடத்தையும் வைத்துத் தன் வரியைக் கணக்கிட்டுக் கட்டலாம். வரி அலுவலரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே வேலை குறைந்தது. இது உண்மையான சாதனை. பிறகு பல நகரங்கள் இதைப் பின்பற்றின.

ஆனால் அந்தக் குழு ஓர் அரசாணையால் பிறந்தது. சட்டத்தில் அதற்கு இடமில்லை, மாநகராட்சி மன்றத்துக்கு அது பதில் சொல்ல வேண்டியதுமில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் அந்த மேடையில் பார்வையாளர் வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள் என்று அன்றே விமர்சனம் எழுந்தது. ஆஷா கோஷ் போன்ற ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதினார்கள். குடிசைப் பகுதிக்காரருக்கும் நடைபாதை வியாபாரிக்கும் அந்த மேடையில் குரல் இல்லை. 2004 தேர்தலில் கிருஷ்ணாவின் ஆட்சி பெரும்பான்மையை இழந்தது. கூட்டணி அரசு வந்தது, பணிக்குழு சத்தமின்றி மறைந்தது. அதற்காகத் தெருவில் இறங்க யாரும் இல்லை. முதலமைச்சர் ஒருவரின் நம்பிக்கையில் மட்டும் நின்ற நிபுணத்துவம் அவரோடு போயிற்று. அந்தக் குழு மன்றத்தோடு மல்லுக்கட்டி, வார்டு வார்டாகச் சமாதானம் சொல்லி, மெதுவாக நடந்திருந்தால் அதன் வேலை ஆட்சி மாற்றத்தைத் தாண்டி நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

நிலேகனி பின்னர் 2014இல் பெங்களூரு தெற்குத் தொகுதியில் மக்களவைக்குப் போட்டியிட்டு, அனந்த குமாரிடம் இரண்டே கால் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். வாக்குக் கேட்டுத் தெருத்தெருவாகப் போனதற்காக அவரை மதிக்கிறேன். அந்தத் தோல்வியைச் சொல்லி, படித்தவரை மக்களுக்குப் பிடிக்காது என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அனந்த குமார் அதே தொகுதியில் 1996 முதல் தொடர்ந்து வென்றவர், ஊரோடு கலந்து புழங்கியவர். அந்தப் புழக்கமும் ஓர் அறிவுதான். ஒரு தேர்தல் காலத்தில் அதைச் சம்பாதித்துவிட முடியாது.

தொழில்நுட்பம் தானே ஊழலை ஒழிக்கும் என்ற நம்பிக்கைக்குக் கர்நாடகத்தின் 'பூமி' திட்டத்தைவிட நல்ல உரைகல் இல்லை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சுமார் 67 லட்சம் நில உடைமையாளர்களின் இரண்டு கோடி நிலப்பதிவுகள் கணினிக்கு ஏறின. நம் ஊர் அடங்கல் போன்ற பகணியை, கிராமக் கணக்கரின் கையை எதிர்பார்க்காமல் தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய் கட்டி எடுத்துக்கொள்ள முடிந்தது. உலக வங்கி முதல் பல மாநில அரசுகள் வரை பாராட்டின. நியாயமான பாராட்டுத்தான், ஒரு நகல் வாங்க ஊர்க் கணக்கரின் திண்ணையில் நாள்கணக்கில் காத்துக்கிடந்த சிறு விவசாயிக்கு அது விடுதலை.

2007இல் சாலமன் பெஞ்சமினும் அவரோடு மூன்று ஆய்வாளர்களும் பெங்களூரைச் சுற்றிய கிராமங்களில் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பதிவுகள் தாலுகா அலுவலகத்தில் ஒரே இடத்தில் குவிந்ததும் லஞ்சம் ஒழியவில்லை, இடம் மாறி மேலே போனது, சில வேலைகளுக்கு அதிகமும் ஆனது என்றது அந்த அறிக்கை. நகரம் விரிந்துகொண்டிருந்த காலம் அது. எந்தச் சர்வே எண் யாருடையது, எதில் வில்லங்கம், எதில் வாரிசுச் சிக்கல் என்பதை ஒரே திரையில் பார்க்க முடிந்தது பெரிய நிலத் தரகர்களுக்கும் கட்டுமான நிறுவனங்களுக்குமே மிகவும் உதவியது. கிராமத்துக்குள் பேசித் தீர்க்கக்கூடிய குழப்பங்கள் தொலைவில் உள்ள அலுவலகத்தின் கோப்புகளாயின. இந்த முடிவுகளை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் அறிக்கை கேட்ட கேள்வி தவிர்க்க முடியாதது. தரவு எல்லோருக்கும் ஒரே மாதிரித் திறந்திருந்தாலும், அதைப் படித்து நாளைக் காலையே வக்கீலோடும் பணத்தோடும் வந்து நிற்கக்கூடியவர் யார்? ஒரு நிலச்சீர்திருத்தத்தின் அளவுக்கு அதிகாரத்தை இடம் மாற்றிய அந்தத் திட்டம் கணினித் திட்டம் என்ற பெயரில் வந்ததால், சட்டமன்றத்தில் நிலச்சீர்திருத்தம் போல விவாதிக்கப்படவே இல்லை.

ஆதார் கதையும் அதே பாதையில்தான் போனது. 2009 ஜனவரியில் ஓர் அரசு அறிவிக்கையால் அதற்கான ஆணையம் பிறந்தது. ஜூலையில் நிலேகனி தலைவரானார். 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி கிராமத்தில் முதல் எண் வழங்கப்பட்டது. சட்ட முன்வரைவை 2011 டிசம்பரில் யஷ்வந்த் சின்கா தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு ஏற்க மறுத்தது. பதிவு நிற்கவில்லை. 2016இல் பண மசோதாவாகச் சட்டம் நிறைவேறியபோது நாட்டின் மிகப் பெரும்பாலோர் கைரேகை கொடுத்து முடித்திருந்தார்கள். கருவி முதலில் வந்தது. அதை வைத்துக்கொள்ளலாமா என்ற விவாதம் கடைசியில் வந்தது.

அந்த விவாதத்தை நீதிமன்றத்தில் கட்டாயமாக்கியவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012இல் அவர் மனு போட்டபோது வயது எண்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அந்த வழக்கிலிருந்து கிளைத்து, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த ஆண்டு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஆதார் நிலைத்தது. தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்க வழிசெய்த 57ஆம் பிரிவு நிலைக்கவில்லை. நீதிபதி சந்திரசூட் தனித் தீர்ப்பில் முழுச் சட்டத்தையும் அரசியல் சட்டத்துக்கு முரண் என்றார். செங்கல் சுமந்தும் வயலில் உழைத்தும் ரேகை தேய்ந்தவர்களின் விரலை ரேஷன் கடை எந்திரம் ஏற்காதபோது, பிழை விகிதம் சிறியது என்று பொறியாளர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்தச் சிறிய விகிதத்துக்குள் யார் அடைபடுகிறார்கள் என்று கேட்க ஓர் இடம் வேண்டும். ஏழு ஆண்டுகள் அந்த இடம் இல்லாமலே திட்டம் ஓடியது.

நிபுணத்துவத்தை வேறு விதமாகக் கையாண்ட ஒரு முயற்சியும் இதே ஊரில் நடந்தது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முன்னாள் இயக்குநர் சாமுவேல் பால் 1990களின் தொடக்கத்தில் பெங்களூரில் குடியேறி, புள்ளியியல் முறைப்படி குடும்பங்களைத் தேர்ந்து, தண்ணீர், மின்சாரம், மருத்துவமனை, வளர்ச்சி ஆணையம் ஆகியவற்றுக்கு மக்களிடமே மதிப்பெண் கேட்டார். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டை போல அது 1994இல் வெளியானது. குடிசைப் பகுதி மக்களிடம் தனியாகவும் கேட்டார்கள்: எவ்வளவு லஞ்சம் கொடுத்தீர்கள், எத்தனை முறை அலைந்தீர்கள் என்று. திருப்தி என்று சொன்னவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக வெளியிட்டன. துறைத் தலைவர்கள் கூனிக் குறுகினார்கள். 1999இலும் 2003இலும் மறுபடி கேட்டபோது நிலைமை படிப்படியாக முன்னேறியிருந்தது. கடைசி முறையில் ஏறக்குறையப் பாதிப்பேர் திருப்தி என்றார்கள். இந்த முறையைப் பின்னர் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. சாமுவேல் பால் தன் கணக்கறிவைக் கணக்குக் கேட்பவர் கையில் கொடுத்தார். ஆட்சி செய்ய அவர் ஆசைப்படவில்லை. நான் அறிந்த வரையில் பெங்களூரின் நிபுணர்கள் செய்தவற்றில் இதற்கு இணை இல்லை.

நமக்கு இது அந்நியமான யோசனையும் அல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை என்று பள்ளிப் பாடத்தில் படித்ததோடு பலரும் விட்டுவிடுவார்கள். முழுதாகப் படித்தால் அது தகுதிக்கும் பொறுப்புக்கும் இடையில் செய்துகொண்ட ஏற்பாடு என்று தெரியும். ஏரி வாரியத்துக்கோ தோட்ட வாரியத்துக்கோ வருபவருக்கு நிலம், வயது, கல்வித் தகுதி வேண்டும். ஆனால் தகுதியுள்ளவர்களுக்குள் யார் என்பதைச் சீட்டுத் தீர்மானிக்கும். 360 நாள் முடிந்தால் விலக வேண்டும். அண்மையில் பதவி வகித்தவர் உடனே திரும்ப முடியாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் தகுதி இழப்பர். இதை மக்களாட்சி என்று கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. நிலமுடைய, வேதம் கற்ற பிராமண ஆண்களின் சபை அது. ஏரியில் மண் வெட்டியவர்களின் பெயர் குடத்துக்குள் போகவில்லை. விசுவேசுவரய்யாவின் காலத்தில் வெடித்த கேள்வி அங்கே ஆயிரம் ஆண்டு முன்பே புதைந்து கிடந்தது. ஆனாலும் அறிவுள்ளவரையும் காலக்கெடுவிலும் கணக்கிலும் கட்டிவைக்க வேண்டும் என்று அந்தச் சபைக்குத் தோன்றியிருக்கிறது.

பெங்களூரில் அந்தக் கட்டு அவிழ்ந்தது படிப்படியாக. 1949இல் நகரமும் கண்டோன்மென்டும் இணைந்து மாநகராட்சி ஆனது. 1964இல் தண்ணீர் தனி வாரியத்துக்குப் போயிற்று. 1976இல் திட்டமிடுதல் வளர்ச்சி ஆணையத்துக்கு. பேருந்தும் மெட்ரோவும் மாநில நிறுவனங்களுக்கு. இது தொழில்நுட்ப வேலை, அரசியலுக்கு அப்பால் இருக்கட்டும் என்பதே ஒவ்வொரு முறையும் சொன்ன காரணம். விளைவு என்ன? 2015ஆம் ஆண்டு வரைக்குமான பெருந்திட்டம் காலாவதியாகி விட்டது. 2031க்கான திட்ட வரைவை 2020இல் அரசே திரும்பப் பெற்றது. இந்திய அறிவியல் கழகம், இந்திய மேலாண்மைக் கழகம், எண்ணற்ற ஆலோசனை நிறுவனங்கள் எல்லாம் இருக்கும் நகரம் உயிருள்ள ஒரு பெருந்திட்டம் இல்லாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

குப்பையிலும் இதே பாடம். பல ஆண்டுகளாக நகரத்தின் குப்பை எலகங்கா பக்கத்து மாவள்ளிபுரத்திலும் கிழக்கே மண்டூரிலும் மலையாகக் கொட்டப்பட்டது. கிணற்று நீர் கெட்டது, நாற்றமும் நோயும் வந்தன என்று ஊர்க்காரர்கள் பல காலம் கத்தினார்கள். 2012இல் மாவள்ளிபுரம் மூடப்பட்டதும் நகரத் தெருக்கள் நாறின. 2014இல் மண்டூர்க்காரர்கள் லாரிகளை மறித்தார்கள். வந்த மாற்றம் எந்த எந்திரத்தாலும் வரவில்லை. ஈரக்குப்பை, உலர்குப்பை என்று வீட்டிலேயே பிரிக்கும் முறையைக் குடிமக்கள் குழுக்கள் முன்வைத்தன, உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களுக்கு மாநகராட்சி அடையாள அட்டை தந்தது. அவர்களில் பலர் வார்டுகளின் உலர்கழிவு மையங்களை நடத்தினார்கள். எந்த பிளாஸ்டிக் எங்கே விலை போகும், எது எரிக்க மட்டுமே ஆகும் என்று கையால் தொட்டே சொல்பவர்கள் அவர்கள். பெரும்பாலும் தலித்துகள், பலர் பெண்கள், தமிழ் பேசுபவர்களும் கணிசம். நிபுணர் யார் என்ற பட்டியலை யார் எழுதுகிறார் என்பதைப் பொறுத்தே இவர்கள் பெயர் அதில் வரும் அல்லது வராது.

இப்போது நகரத்தின் பெரிய சண்டை ஹெப்பாலிலிருந்து சில்க் போர்டு வரைக்கும் சுமார் 16.7 கிலோமீட்டர் சுரங்கச் சாலை. மதிப்பீடு 17,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆலோசனை நிறுவனம் தயாரித்த விரிவான திட்ட அறிக்கையில் மகாராஷ்டிர நகரங்களின் பெயர்கள் இடம்பெற்றிருந்தது செய்தியாகி, மாநகராட்சி அபராதம் விதிக்கும்வரை போயிற்று. கார்களுக்காகச் சாலை பெருக்கினால் கார்களே பெருகும், பேருந்திலும் மெட்ரோவிலும் பணத்தைப் போடுங்கள் என்று இந்திய அறிவியல் கழகத்தின் போக்குவரத்துப் பேராசிரியர் ஆசிஷ் வர்மா வெளிப்படையாகச் சொல்லிவருகிறார். நகரத்தின் வாகனங்களில் பாதிக்கு மேல் இரு சக்கர வண்டிகள். சுங்கம் கட்டிப் போகும் சுரங்கத்தால் அவற்றை ஓட்டுபவர்களுக்கு என்ன பயன் என்ற கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை. அரசிடமும் நிபுணர்கள் இருக்கிறார்கள், எதிர்ப்பவர்களிடமும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து, கோப்பைத் திறந்து, உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் வார்டுக்காக வாக்களித்து, அந்த வாக்குக்கு அடுத்த தேர்தலில் பதில் சொல்லும் மன்றம் இல்லை. ஆகவே எந்த நிபுணரைக் கேட்பது என்பதை அமைச்சரகம் தேர்ந்துகொள்கிறது. மற்ற நிபுணர் செய்தித்தாளில் கட்டுரை எழுதலாம், நீதிமன்றத்துக்குப் போகலாம்.

2016இல் சாளுக்கியா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரைக்குமான எஃகு மேம்பாலத்துக்கு 812 மரங்களை வெட்டத் திட்டமிட்டபோது, அக்டோபர் 16 அன்று ஆயிரக்கணக்கானோர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அடுத்த மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அந்த வெற்றியை நான் மதிக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலையோரம் வந்து நிற்க நேரமும் ஊடகத் தொடர்பும் உள்ள பகுதிகளில்தான் இப்படி நடக்கும். 2007இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களின் மக்கள், வரியும் கட்டிக்கொண்டு, காவிரி ஐந்தாம் கட்டத் தண்ணீருக்கு 2024 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். அதே ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றி, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்காக யாரும் சங்கிலியாக நிற்கவில்லை. குடிநீர் வாரியத் தலைவரை மேசைக்கு அழைத்துக் கேட்க வார்டு உறுப்பினரும் இல்லை.

மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டுக் குழுக்கள் இருந்தே ஆக வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243எஸ் பிரிவு. ஐந்து மாநகராட்சிகளுக்கும் உறுப்பினர்கள் வந்ததும் சுரங்கச் சாலையின் கோப்பு முதலில் அங்கே வர வேண்டும். பேராசிரியரும் அரசுப் பொறியாளரும் கன்னடத்திலும், தேவைப்பட்டால் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும், தங்கள் கணக்கை விளக்கட்டும். பேருந்துக்குக் காத்து நிற்பவரும் ஸ்கூட்டரில் உணவு கொண்டுபோகும் இளைஞரும் கிணறு வற்றியவரும் கேள்வி கேட்கட்டும். உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பது வார்டு அலுவலகப் பலகையில் எழுதப்படட்டும்.